மலடென்று பெயர் வாங்கிய மரம்



செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் பாடுபட்ட குடும்பங்களுக்கு மகரந்தத்தைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டுக்கு முன்பு மலேசியத் தோட்டங்கள் பலவற்றில், ஆண் பூங்கொத்திலிருந்து சேர்த்த தூளைப் பெண் பூங்கொத்தின்மேல் தூவுவதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார்கள். அந்த ஆண்டில் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பிறகு அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. தூள் போய்ச் சேர்ந்தால் பழம் உண்டு, சேராவிட்டால் இல்லை. இது செம்பனை நமக்குக் கற்றுத் தந்த பாடம்.

ஆனால் எல்லா மரங்களும் இவ்வளவு எளிதில் இணங்குபவை அல்ல. தூள் போய்ச் சேர்ந்த பிறகும், ‘இது என்னுடைய தூள், எனக்கு இது ஆகாது’ என்று ஒதுக்கிவிடும் மரஞ்செடிகள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. பூக்கும் தாவர இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப்பட்டவை என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அத்தகைய மரம் உடம்பெல்லாம் பூத்து நிற்கும்; ஆனால் காய் பிடிக்காது. அதைப் பார்க்கின்றவர்கள், “இது மலட்டு மரம்” என்று சொல்லி வெட்டுவதற்குக் கத்தியைத் தீட்டுவார்கள். அந்தப் பெயர் தவறானது என்பதை மனிதன் எப்படிக் கண்டறிந்தான் என்ற வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் செழித்திருந்த கொக்கோ மரத்துக்கும் இந்த வரலாற்றில் முக்கியமான இடம் உண்டு.

முதலில் பூவின் அமைப்பைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். பூவின் நடுவே இருப்பது சூலகம். அதன் உச்சியில் இருப்பது சூல்முடி. அதன் கீழே கழுத்தைப்போல நீண்டிருப்பது சூல்தண்டு. அடியில் இருப்பது சூற்பை; அதற்குள் விதையாக வேண்டிய சூல்கள் இருக்கின்றன. சூல்முடியில் வந்து விழும் மகரந்தத் தூள் முளைவிட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் சூல்தண்டுக்குள் செலுத்துகிறது. அந்தக் குழாய் சூலைச் சென்று அடைந்து கரு உண்டானால்தான் விதை. விதை உண்டானால்தான் காய்.

தாவரங்களிலும் ஆண், பெண் என்ற வேறுபாடு உண்டு என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த காமெராரியஸ் 1694ஆம் ஆண்டில் சோதனை செய்து காட்டினார். அதன் பிறகு, 1760களில், கோல்ரூட்டர் என்ற மற்றொரு ஜெர்மானியர், வெர்பாஸ்கம் என்னும் ஊதாநிறப் பூச்செடி ஒன்றில் வியப்பான செய்தி ஒன்றைக் கண்டார். அந்தச் செடியின் தூளை அதே செடியின் பூவில் வைத்தால் விதை உண்டாகவில்லை. இன்னொரு செடியின் தூளை வைத்தால் உண்டாயிற்று. தூளும் நல்ல தூள்தான்; பூவும் நல்ல பூதான். இரண்டும் ஒரே செடியைச் சேர்ந்தவை என்பது ஒன்றே குறை. ஏன் இப்படி என்பதற்கு அவர் காலத்தில் விடை கிடைக்கவில்லை.

இதன் பயன் என்ன என்று ஆழமாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின். அவருடைய குடும்ப வாழ்க்கையில் நம் நேயர்களுக்குப் பழக்கமான ஒரு செய்தி உண்டு. 1839ஆம் ஆண்டில் டார்வின் மணந்துகொண்டது தம் சொந்த மாமன் மகளை. அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் மூவர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். நெருங்கிய சொந்தத்தில் மணந்ததால் பிள்ளைகளின் உடல்நலம் கெடுகிறதோ என்ற கவலை அவரை விட்டு அகலவில்லை. 1871ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இதைப் பற்றி ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று அவர் முயன்றார். நாடாளுமன்றம் அதற்கு இணங்கவில்லை.

மனிதர்களைக் கேட்டுக் கணக்கெடுக்க முடியாதபோதிலும் செடிகளை வைத்து அவர் கணக்கெடுத்தார். தன் தூளால் பிறந்த கன்று ஒன்று, அயல் செடியின் தூளால் பிறந்த கன்று ஒன்று என்று இரண்டையும் ஒரே தொட்டியில் எதிரெதிராக நட்டு வளர்த்தார். பதினோர் ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. காலையில் பூக்கும் ஊதாநிறக் கொடி ஒன்றைப் பத்துத் தலைமுறை வரை வளர்த்து அளந்தார். அயல் தூளால் பிறந்த கொடிகள் சராசரியாக 100 பங்கு உயரம் என்றால், தன் தூளால் பிறந்தவை 77 பங்கு உயரமே வளர்ந்தன. 1876ஆம் ஆண்டில் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு நூலாக வெளியிட்டார். அயல் தூளால் பிறந்த கன்றுகள் பெரும்பாலும் உயரத்திலும் எடையிலும் விதை வளத்திலும் சிறந்து விளங்கின. ஆகவே, தன் தூளை ஒதுக்கும் செடி தன் வம்சத்தின் வலிவைக் காத்துக்கொள்கிறது என்பது விளங்கியது.

இது வெறும் ஏட்டறிவாக நின்றுவிடவில்லை. 1890களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெரிய பேரிக்காய்த் தோட்டம் இருந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள், எல்லாம் பார்ட்லெட் என்ற ஒரே உயர்ந்த வகை. மரங்கள் பூத்தன, ஆனால் எதிர்பார்த்த காய்ப்பு இல்லை. அரசாங்க ஆய்வாளரான வெயிட் என்பவர் அங்கே சென்று, பூக்களைப் பையிட்டு மூடி, ஒவ்வொரு வகைத் தூளையும் கையால் வைத்துச் சோதித்தார். பார்ட்லெட் மரத்துக்குப் பார்ட்லெட் தூள் ஆகவில்லை. வேறு வகைப் பேரியின் தூள் கிடைத்தபோது நன்றாகக் காய்த்தது.

ஆயிரம் மரங்கள் இருக்கும்போது ஒன்றின் தூள் இன்னொன்றுக்கு ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். பால்மரத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டியவர்களுக்கு இதன் விடை தெரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வகை மரங்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும், அவையெல்லாம் ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்தவை. கண்ணுக்கு லட்சம் மரம். உள்ளே இருப்பது ஒரே மரம். பேரியும் அப்படித்தான். ஒட்டுக்கட்டிய ஆயிரம் பார்ட்லெட் மரங்களும் ஒரே மரத்தின் ஆயிரம் கைகள். தன் தூளை ஏற்காத மரத்துக்கு அந்த ஆயிரத்தின் தூளும் தன் தூளே.

அப்படியானால் பூ எதைப் பார்த்துத் ‘தன்னுடையது’ என்று அறிகிறது? 1925ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஈஸ்ட், மாங்கல்ஸ்டார்ஃப் என்ற இருவர், புகையிலை இனத்துப் பூச்செடிகளில் செய்த ஆய்வு இதற்கு வழிகாட்டியது. அவர்கள் கண்ட விதியை நாம் முத்திரை என்ற சொல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு செடிக்கும் பரம்பரையாக வந்த இரண்டு முத்திரைகள் உண்டு. அதன் ஒவ்வொரு தூளிலும் அந்த இரண்டில் ஏதேனும் ஒன்று இருக்கும். வருகின்ற தூளின் முத்திரை, பூவைத் தாங்கும் செடியின் இரண்டு முத்திரைகளில் எதனோடாவது ஒத்திருந்தால் அந்தத் தூளுக்கு இடமில்லை.

ஒரு செடியின் முத்திரைகள் 1, 2 என்று வைத்துக்கொள்வோம். அதன் தூள் ஒவ்வொன்றும் 1 அல்லது 2. ஆகவே தன் பூவில் ஒன்றுகூடச் செல்லாது. 3, 4 என்ற முத்திரையுள்ள அயல் செடியின் தூள் முழுவதும் செல்லும். 2, 3 என்ற முத்திரையுள்ள செடி வந்தால், 2 தடுக்கப்படும், 3 அனுமதிக்கப்படும். நம்மவர்கள் பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. மாமன் மைத்துனன் வீட்டில் எடுப்பார்கள். செடியும் ஏறத்தாழ அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. ஆனால் நம் கணக்கு வழக்கத்தால் வந்தது. செடியின் கணக்கு அதன் உயிரணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி நாம் கொக்கோ மரத்துக்கு வருவோம். கொக்கோப் பூ மிகச் சிறியது. கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலும் கிளைகளிலும் நேராகப் பூக்கும் இயல்புடையது. ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கான பூக்கள் பூத்தாலும், நூற்றுக்கு ஐந்துகூடக் காயாவது அரிது. அதற்குத் தூள் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய ஓர் ஈ. உதிர்ந்த இலையும் கொக்கோத் தோடும் மக்கிக் கிடக்கும் ஈரமான இடத்தில் அந்த ஈ பெருகும். காய்ப்பு குறைந்தால் ஈ குறைவா, மண் குறைவா, மழை அதிகமா என்று பல காரணங்களைத் தேட வேண்டியிருந்தது. மரமே தூளை மறுக்கிறது என்பது எவர் கண்ணுக்கும் எளிதில் தெரியவில்லை.

அது வெளிப்பட்ட இடம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றவர்கள் பாடுபட்ட தீவு அது. அவர்களில் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்களும் உண்டு. அங்கே கரும்போடு கொக்கோவும் பெரும் பயிராக இருந்தது. அத்தீவில் நிறுவப்பட்ட வெப்பமண்டல வேளாண்மைக் கல்லூரியில் 1920களில் ஹார்லண்ட் என்பவரும், 1930களில் பவுண்டு என்பவரும் கொக்கோப் பூக்களுக்குக் கையால் தூள் சேர்த்து ஆராய்ந்தார்கள். சில மரங்கள் தம் தூளை ஏற்றன. வேறு சில அடியோடு மறுத்தன. அதோடு, மறுக்கின்ற மரங்களில் ஒன்றின் தூளை மற்றொன்றுக்கு வைத்தபோதும் பெரும்பாலும் காய் பிடிக்கவில்லை. தம் தூளை ஏற்கும் மரங்களின் தூள் கிடைத்தபோதுதான் அவை காய்த்தன.

1928ஆம் ஆண்டில் டிரினிடாட்டை ஒரு கொடிய நோய் எட்டியது. கிளை நுனிகள் துடைப்பம்போல் கற்றையாகக் கிளைத்து மரத்தைப் பாழாக்கும் நோய் அது. நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி, பவுண்டு 1937, 1938ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவின் மேல் அமேசான் காடுகளுக்குச் சென்று, கொக்கோவின் பூர்வீக நிலத்திலிருந்து விதைகளைக் கொண்டுவந்தார். 1944ஆம் ஆண்டில் போஸ்னெட் என்ற ஆய்வாளர் அந்த மரங்களின் காய்களை ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய கானா நாட்டில் உள்ள தாஃபோ ஆய்வு நிலையத்துக்கு, எடுத்துச் சென்றார். அங்கே ஒரு புதுமை தெரியவந்தது. அமேசான் மரங்களும் தம் தூளை மறுத்தன. ஆனால் ஒன்றின் தூளை மற்றொன்று மகிழ்ச்சியோடு ஏற்றுக் காய்த்தது.

டிரினிடாட்டில் ஒன்றுக்கொன்று ஆகவில்லை. அமேசான் மரங்களில் ஆகிறது. இது ஏன்? தாஃபோவில் நைட், ரோஜர்ஸ் என்ற இருவர் 1950களில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். கொக்கோவிலும் முத்திரைகள் உண்டு; அவற்றில் ஒன்று மற்றொன்றை அடக்கியாளவும் கூடும் என்று கண்டார்கள். காட்டில் இருந்து வந்த மரங்களிடம் பலவகை முத்திரைகள் இருந்தன. தோட்ட மரங்களோ முத்திரையில் நெருங்கிய பங்காளிகள். பங்காளிகளே சூழ்ந்து நின்றால் வீட்டில் கல்யாணம் எப்படி நடக்கும்?

கொக்கோ வைத்திருந்த இன்னொரு மர்மத்தைக் கோப் என்ற ஆய்வாளர் விளக்கினார். 1962ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, கொக்கோவில் ஒதுக்கப்பட வேண்டிய தூளின் குழாய் வழியில் எங்கும் தடுக்கப்படுவதில்லை. அது சூல்தண்டைக் கடந்து, சூலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. அங்கே சென்ற பிறகுதான் ஆண் அணுவும் பெண் அணுவும் சேர மறுக்கின்றன. சில சேர்க்கைகளில் எல்லாச் சூல்களும் மறுக்கின்றன, சிலவற்றில் பாதி, சிலவற்றில் கால் பங்கு மட்டுமே. கால் பங்கு சூல்கள் மறுத்தாலும் போதும், அந்தப் பூ முழுவதுமாக உதிர்ந்துவிடும்.

பிற செடிகளில் இந்தச் சோதனை எங்கே நடக்கிறது என்பதையும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்தில் பூவின் வாசலாகிய சூல்முடியிலேயே தூள் தடுக்கப்படுகிறது. பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல, தூளின் மேலிருக்கும் ஒரு பொருள் சூல்முடியிலிருக்கும் ஒரு பொருளோடு பொருந்தினால், ‘இது நம் ஆள்’ என்று தெரிந்து கதவு மூடப்படுகிறது. அந்தச் சாவி 1999ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. புகையிலைக் குடும்பத்தில் தடை நடுவழியில், சூல்தண்டில் இருக்கிறது. சூல்தண்டிலுள்ள ஒரு நொதிப்பொருள் மகரந்தக் குழாய்க்குள் புகுந்து, அது வளர்வதற்குத் தேவையான ஆணைகளையே துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் கிளார்க் அம்மையாரின் குழுவினர் 1986 முதல் 1989 வரை செய்த ஆய்வில் இது தெளிவாயிற்று. கோயிலோடு ஒப்பிட்டால், முட்டைக்கோஸ் கோபுர வாசலில் நிறுத்துகிறது. புகையிலை மண்டபத்தில் நிறுத்துகிறது. கொக்கோ கருவறை வரை விட்டுத்தான் நிறுத்துகிறது.

நம் மண்ணில் இதன் பயன் என்ன? 1950களில் கானாவிலிருந்து மலேசியாவுக்கு வந்த அமெலொனாடோ என்ற கொக்கோ வகை, தன் தூளைத் தானே ஏற்கும் வகையாகும். ஆனால் தீபகற்பத்தில் அது நுனி கருகும் நோய்க்கு இரையாயிற்று. ஆகவே மேல் அமேசான் மரங்களோடு சேர்த்து உண்டாக்கிய கலப்பினக் கன்றுகள் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வேண்டிய கலப்பு விதையை, பூப்பூவாகக் கையால் தூள் வைத்து உண்டாக்குவதென்றால் எவ்வளவு ஆட்கூலி ஆகும்! அங்கேதான் மரத்தின் மறுப்பு மனிதனுக்குக் கைகொடுத்தது. தன் தூளை ஏற்காத மரங்களை ஒரு வரிசையிலும், வேறொரு வகையை அடுத்த வரிசையிலும் நட்டுவிட்டால் போதும். ஏற்காத மரத்தில் பிடிக்கும் காய் ஒவ்வொன்றும் அயல் தூளால் பிடித்த காயாகத்தான் இருக்க முடியும். மிச்ச வேலையை அந்தச் சிறிய ஈ பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட விதைத் தோட்டங்களிலிருந்து வந்த கன்றுகள் பல இடங்களில் தென்னைக்கு நிழற்பயிராக நடப்பட்டன. 1990ஆம் ஆண்டளவில் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறத்தாழ 247,000 டன்னை எட்டியது. காய் உடைத்து, கொட்டை புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்திய கைகளுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். பிறகு விலை சரிந்தது. காய்த் துளைப்பான் பூச்சி பரவியது. கொக்கோ நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. கொக்கோவின் முதலாவது, நான்காவது குரோமோசோம்களில் உள்ள இரண்டு இடங்கள் இந்த மறுப்போடு தொடர்புடையவை என்று 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழுவினர் வெளியிட்டார்கள். ஒரு கன்று வளர்ந்து தன் தூளை ஏற்குமா ஏற்காதா என்பதை, அது பூக்கும்வரை காத்திராமல் சிறு இலைத்துண்டைக் கொண்டு கணிக்க இதனால் வழி பிறந்திருக்கிறது.

தன் தூளை மறுப்பது உயர்வு, ஏற்பது தாழ்வு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. துணையின்றித் தனியே நிற்கும் செடிக்குத் தன் தூளை ஏற்பதுதான் பிழைக்கும் வழி. நாம் உண்ணும் நெல் பெரும்பாலும் தன் தூளாலேயே விளைகிறது. கேமரன் மலையில் நாம் காணும் தேயிலையோ தன் தூளை மிகவும் அரிதாகவே ஏற்கும். அதனால்தான் விதை போட்டு வளர்த்த பழைய தேயிலைக் காட்டில் ஒரு செடியைப்போல் மற்றொரு செடி இருப்பதில்லை.

வீட்டுப் பின்புறத்தில் டுரியான் வைத்திருக்கும் நேயர்களும் இதை மனத்தில் கொள்ளலாம். டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் வௌவால்களை விருந்துக்கு அழைக்கிறது. ஒட்டுக்கட்டிய நல்ல வகைகளில் பல, தம் தூளை ஏற்பதில்லை. ஏற்றாலும் குறைவாகவே காய்க்கின்றன. ஒரே வகையில் இரண்டு மரம் வைத்தாலும் அவை ஒரு மரத்துக்குச் சமம்தான். ஆகவே புதிதாக நடுகின்றவர்கள் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து நடுவது நல்லது. ஒற்றை மரம் பூத்துப் பூத்து உதிர்ந்தால், கத்தியை எடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் வேறு வகை மரம் உண்டா என்று பாருங்கள். வேறு வகைக் கிளையொன்றை அதே மரத்தில் ஒட்டுக்கட்டவும் முடியும்.

கோல்ரூட்டர் காலத்திலிருந்து இன்றுவரை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனிதன் இந்த ஒரு கேள்வியோடு போராடியிருக்கிறான். பூவைப் பையிட்டு மூடுவது, தூளை எடுத்து வைப்பது, உதிர்ந்ததையும் பிடித்ததையும் எண்ணுவது என்ற பொறுமையான வேலைதான் விடையைத் தந்தது. ‘மலடு’ என்ற சொல்லை நம்மவர்கள் மரத்துக்கும் சொல்கிறார்கள். மனிதருக்கும், பெரும்பாலும் பெண்களுக்கும், யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். மரத்தின் விஷயத்தில் அந்தச் சொல் எத்தனை பிழையானது என்பதைப் பார்த்தோம். பூவில் குறையில்லை, தூளில் குறையில்லை, பாடுபட்டவன் கையிலும் குறையில்லை. அருகே நட வேண்டிய இன்னொரு மரத்தை நடவில்லை, அவ்வளவுதான். காரணம் தெரியும்வரை பழி சொல்லாதிருப்பதே அறிவுடைமை.